மணலும் சக்கரமும்

கதை எழுதுகிறவனிடம் மனிதர்கள் எதை எதையோ வந்து கேட்பார்கள். குழந்தைக்கு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும் என்பார்கள். கல்யாணப் பத்திரிகையைத் திருத்தித் தரச் சொல்வார்கள். பங்காளிச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்பவர்களும் உண்டு. ஆனால் மணல்மேட்டில் ஓட்டும் மோட்டார் வண்டிக்கு எந்த டயர் நல்லது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு பிற்பகல் வரையில்.

கேட்டவன் என் தமக்கையின் மகன். கீரமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. ‘இருந்தது’ என்று சொல்லும்போதே புதுக்கோட்டை மாவட்டத்து வாசகர்களுக்குக் காரணம் விளங்கியிருக்கும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறி எங்கள் மாவட்டத்தின் வழியாக மேற்கே போயிற்று. தகப்பன் நட்டு மகன் காய் பறித்த மரங்களெல்லாம் ஓர் இரவுக்குள் வேரோடு சாய்ந்தன. அப்போது இவன் வளைகுடா நாட்டில் இருந்தான். பாலைவனத்தில் உல்லாசப் பயணிகளை அழைத்துச் செல்லும் ஒரு கம்பெனியில் மெக்கானிக் வேலை. தொலைபேசியில் அவன் அம்மா அழுத அழுகையைக் கேட்டுவிட்டு, இரண்டு வருஷம் அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, கடனில் ஒரு பகுதியை அடைத்துவிட்டு ஊர் திரும்பினான்.

திரும்பியவன் ஒரு யோசனையோடு வந்திருந்தான். ஏ.டி.வி. என்று ஒரு வண்டி இருக்கிறது. மோட்டார் சைக்கிளைப் போல இருக்கையில் கால் பரப்பி உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பி ஓட்ட வேண்டும். ஆனால் சக்கரங்கள் நான்கு. 1970-இல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி இதன் முன்னோடியை மூன்று சக்கரத்தோடு விற்பனைக்கு விட்டது. அதற்கு ஸ்பிரிங் கிடையாது. பலூனைப் போல ஊதிய பெரிய டயர்களே எல்லாக் குலுக்கலையும் வாங்கிக்கொண்டன. மூன்று சக்கரம் எளிதில் கவிழ்ந்துவிடுகிறது என்று 1988-இல் அமெரிக்காவில் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். நான்கு சக்கரம் நிலைத்தது. அப்படிப்பட்ட வண்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, கிழக்கே கடற்கரையில் கொண்டுபோய் வைத்து, வருகிறவர்களுக்கு ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவது அவன் யோசனை. வண்டியை வாங்கியும் விட்டான். மணலுக்கு ஏற்ற டயரும் சக்கரமும் வாங்கத்தான் பணம் போதவில்லை. என்னிடம் அவன் வந்தது டயரைப் பற்றி யோசனை கேட்கவா, பணம் கேட்கவா என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் மரியாதைக்கு முதலில் யோசனையைத்தான் கேட்டான்.

“மாமா, பின் சக்கரத்துக்குத் துடுப்பு டயர் போடலாமா, சாதா பலூன் டயரே போதுமா? நீங்க சொல்லுங்க.”

எனக்கு என்ன தெரியும்? “நீதான் பாலைவனத்தில் வேலை பார்த்தவன், மாப்பிள்ளை. நீ எனக்குச் சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்” என்றேன். கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டி அவன் விளக்க ஆரம்பித்தான். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார் இவ்வளவு அழகாகச் சொல்லித் தந்ததில்லை.

தார்ச்சாலையில் ஓடும் கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் காற்று இருக்கும். மணலில் ஓடும் இந்த வண்டியின் டயரில் சுமார் 5 பவுண்டுதான். காற்று எவ்வளவு அழுத்தத்தில் உள்ளே இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தைத்தான் டயர் தரையின் மேல் செலுத்துகிறது. வண்டியும் ஆளுமாகச் சேர்ந்து 320 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு சக்கரத்தின் மேல் 80 கிலோ, அதாவது சுமார் 176 பவுண்டு, விழும். 30 பவுண்டுக் காற்றில் டயர் தரையைத் தொடும் இடம் ஆறு சதுர அங்குலம். இரண்டு தீப்பெட்டிகளை அருகருகே வைத்த அளவு. 5 பவுண்டுக் காற்றில் தொடும் இடம் 35 சதுர அங்குலம். ஒரு நாவலின் பக்கத்தை விரித்து வைத்த அளவு. அதே பாரம்தான். தீப்பெட்டி அளவில் ஊன்றினால் மணலுக்குள் இறங்குகிறது. புத்தகப் பக்கத்தின் அளவில் பரப்பினால் மிதக்கிறது.

இவ்வளவு குறைந்த காற்றில் டயர் சக்கரத்தின் விளிம்பை விட்டுக் கழன்றுவிடக் கூடும். அதற்காக விளிம்பில் ஒரு வளையத்தை வைத்து, சுற்றிலும் திருகாணி போட்டு, டயரின் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் சக்கரங்கள் இருக்கின்றன. இரும்பை விட அலுமினியச் சக்கரம் நல்லது. சுழலும் பொருளின் கனம் குறைந்தால் எஞ்சினின் வேலையும் குறையும். பின் சக்கரத்துக்கென்றே துடுப்பு டயர் என்று ஒன்று உண்டு. வழுவழுப்பான டயரின் குறுக்கே, படகுத் துடுப்பைப் போல, ரப்பர்த் தகடுகள் வரிசையாக நிற்கும். அவை மணலை அள்ளிப் பின்னால் வீசி வண்டியை முன்னே தள்ளும். முன் சக்கரத்தின் நடுவில் மட்டும் ஒரு வரம்பு ஓடும். திருப்பும்போது அது மணலைக் கீறிப் பிடித்துக்கொள்ளும். துடுப்புகள் அதிகமானால் பிடிப்பும் அதிகம். ஆனால் அவற்றைச் சுழற்ற எஞ்சினுக்கு வலு வேண்டும். வலு இல்லாத வண்டிக்கு நிறையத் துடுப்புப் போட்டால் திணறும். நின்ற இடத்திலேயே வேகமாகச் சுழற்றிவிட்டாலோ, துடுப்பு தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு வண்டியை அதில் இறக்கிவிடும்.

“மணல்ல மாட்டிக்கிட்டா புதுசா ஓட்டுறவன் எல்லாம் என்ன செய்வான் தெரியுமா மாமா? இன்னும் முறுக்குவான். முறுக்க முறுக்க உள்ளே போகும். தெரிஞ்சவன் எறங்கிக் காத்தைத் தொறந்து விடுவான்” என்று சொல்லிச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

வெள்ளாறு எங்கள் பக்கத்து ஆறு. ஒரு காலத்தில் சோழநாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக இருந்தது என்பார்கள். எல்லையாக இருந்த பெருமை போக, கோடையில் அதில் தண்ணீர் இருக்காது, மணல்தான் ஓடும். பாலம் எட்டத்தில் இருந்ததால், என் சிறு வயதில் மாட்டு வண்டிகள் ஆற்றுமணலில் இறங்கியே அக்கரை சேரும். அறுபதுகளின் இறுதியில் ஒரு வைகாசி. எனக்குக் கல்லூரி வயது. தாத்தாவின் வண்டியில் நெல் மூட்டை ஏற்றியிருந்தது. மூட்டைகளை அக்கரை மில்லில் இறக்கிவிட்டு, நான் அங்கிருந்து திருச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வண்டி பழைய கட்டை வண்டி. குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை. இரும்புப் பட்டைக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. கெட்டித் தரையில் அதற்கு இணையில்லை. மணலில் கத்தியைப் போல இறங்கும்.

ஆற்றங்கரையில் வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார். “தம்பி, பாதி மூட்டையை இங்க எறக்கிப் போட்டுட்டு ரெண்டு நடையாப் போவோம். மணலு இளகிக் கெடக்கு” என்றார். இரண்டு நடை போனால் பஸ் போய்விடும். “ஒரே நடையில் போய்விடலாம், ஓட்டுங்கள்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தாத்தாவின் பேரன் என்பதை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுபேச்சுப் பேசாமல் ஓட்டினார். ஆற்றின் நடுவில் சக்கரம் குடம் வரையில் புதைந்தது. பனையோலை வெட்டிக்கொண்டு வந்து சக்கரத்தடியில் போடுகிறேன் என்று அவர் கரைக்குப் போன நேரத்தில், நான் சாட்டையை எடுத்தேன். இடத்து மாடு முழங்காலைக் குத்தி எழுந்தது, மறுபடி குத்தியது, மூன்றாம் முறை எழும்போது நுகத்தடி திருகி, முன்னங்கால் மடங்கி முறிந்தது. அந்தச் சத்தம் ஒரு காய்ந்த குச்சியை ஒடிப்பதைப் போல மிகச் சிறியதாக இருந்தது.

நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அதைத்தான் இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்ல முடியவில்லை. வண்டிக்காரர்தான் “நீங்க போங்க தம்பி, நான் பாத்துக்கறேன்” என்றார். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து அவர் கரை சேர்த்ததையும், மாட்டை அடிமாட்டு வியாபாரிக்குக் கொடுத்ததையும் அடுத்த விடுமுறையில் வந்தபோது தெரிந்துகொண்டேன். தாத்தா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காற்றைத் திறந்துவிடும் வித்தை அந்த இரும்புப் பட்டைக்கு இல்லை. ஆனால் பாதி மூட்டையை இறக்கிவிடும் வித்தை எங்களிடம் இருந்தது. இரண்டும் ஒன்றுதான். தரை தாங்காதபோது தரையை அடிக்காமல் தன் பாரத்தைக் குறைத்துக்கொள்வது. வண்டிக்காரருக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. வித்தை தெரியாத அவசரத்தின் விலையை நான் கொடுக்கவில்லை, மாடு கொடுத்தது.

காற்றடைத்த டயரின் வரலாறே ஒரு விட்டுக்கொடுத்தலின் வரலாறு. 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற டன்லப் ஒரு கால்நடை வைத்தியர். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துக் கல்பாவிய தெருக்களில், தம் சிறுவன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் தடதடத்ததைப் பார்த்துத்தான் ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1929 முதல் சில ஆண்டுகள், சாதாரண போர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். கார் போகவே முடியாது என்று எல்லாரும் சொன்ன மணற்கடல் அது. டயரில் காற்றைக் குறைத்தார். புதைந்த சக்கரத்தின் அடியில் இரும்புத் தகட்டைப் போட்டு ஏற்றினார். எங்கள் வண்டிக்காரர் பனையோலையால் செய்ய நினைத்ததை அவர் இரும்பால் செய்தார். மற்றவர்களைப் போல மணலைத் திட்டிக்கொண்டிராமல், அது எப்படி நகர்கிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்து, 1941-இல் ஒரு விஞ்ஞான நூலே எழுதிவிட்டார். மணல் துகள்கள் காற்றில் பறப்பதை விடத் துள்ளித் துள்ளிப் போவதே அதிகம், விழும் துகள் கிடக்கும் துகளை எழுப்பிவிடுகிறது என்பதையெல்லாம் விளக்கியவர் அவர். ஒட்டகத்துக்கு இந்தப் பௌதிகம் பிறவியிலேயே தெரியும். அதன் பாதம் ஊன்றும்போது அகன்று கொடுக்கிறது.

இத்தனையும் யோசித்தபோது, டயர்க் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. மென்மையே வெல்லும், வன்மை புதையும் என்று ஒரு நீதியைச் சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. மென்மையான டயர் மணலின் மேல் இரக்கப்பட்டு மென்மையாக இருக்கிறதா? இன்னும் உள்ளே, யாரும் போகாத இடத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தானே அது மென்மையாயிற்று? மெதுவாக அழுத்துவதும் அழுத்துவதுதான். நயமாகப் பேசிக் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறவனை நாம் நல்லவன் என்று சொல்வதில்லை. கெட்டிக்காரன் என்று சொல்கிறோம். கெட்டிக்காரத்தனம் எந்த இடத்தில் நல்ல குணமாக மாறுகிறது?

“டயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் இடத்தைப் பார்ப்போம், வா” என்று சொல்லி, மறுநாள் அவனோடு கிளம்பினேன்.

வலிய சக்கரமுள்ள தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் தரையில் ஓடாது என்று வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் போகும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் கடலைச் சொன்னார், தரையைச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மணலைச் சொல்லவில்லை. அது தரையுமில்லை, கடலுமில்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் நடுவே நிற்கும் மத்தியஸ்தன்.

எங்கள் மாவட்டத்துக் கடற்கரை பாக் நீரிணையை ஒட்டியது. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டைப் போல, செம்மணல் அலை அலையாக மேடிட்டுக் கிடக்கும் காட்சி இங்கே கிடையாது. மணமேல்குடிக்கு அப்பால் நாங்கள் போன மீனவக் கிராமத்தருகே இருந்தவை ஆள் உயரம்கூட இல்லாத மணல்மேடுகள்தாம். அவற்றின் மேல் அடும்பங்கொடி படர்ந்து, ஊதா நிறத்தில் பூத்திருந்தது. ஆட்டுக் குளம்பைப் போல இரண்டாகப் பிளந்த இலை. அதன் ஊடே நண்டு வளைகள். சங்கப் புலவர்கள் நெய்தலைப் பாடியபோது மறக்காமல் சொன்ன கொடி இது. தலைவனின் தேர்ச் சக்கரம் இந்தக் கொடியை அறுத்துக்கொண்டு வருவதாகவும் அவர்கள் பாடியிருக்கிறார்கள். ஆக, கடற்கரை மணலில் சக்கரம் ஓடுவது இன்று நேற்று வந்த வழக்கமில்லை.

மேட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆச்சி கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். என் மருமகன் தன் யோசனையை மறைக்காமல் சொன்னான். அவர் எங்களை விரட்டவில்லை, சட்டம் பேசவில்லை. “ஓட்டுங்க தம்பி, கடல் என்ன எங்க அப்பன் சொத்தா? இந்த மேட்டு மேல மட்டும் ஏறாதீக. கொடி அந்துபோச்சுன்னா காத்துல மணலு கெளம்பிரும். ஒல கொதிக்கையில சோத்துல விழும்” என்றார்.

புயலையும் பேரலையையும் அவர் சொல்லவில்லை. சோற்றில் மண் விழும் என்றார். அதை விடப் பெரிய வாதம் எந்த நூலில் இருக்கிறது?

ஆச்சி சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கிறது. துள்ளி வரும் மணல் கொடியின் காலடியில் தங்குகிறது. மணல் மூட மூட, கொடி மேலே வளர்ந்து வேர்விடுகிறது. இப்படி ஒன்றையொன்று தூக்கி எழுப்பிய சுவர்தான் இந்த மேடு. ஓரிடத்தில் கொடி அறுந்தால் அங்கே காற்று வாய் வைத்துக் குடைய ஆரம்பிக்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப் பேரலை வந்தபோது, சோழமண்டலக் கரையில் மணல்மேடும் மரங்களும் நின்ற சில இடங்களில் அதன் வேகம் தணிந்ததை எல்லாரும் கண்டார்கள். அதற்கு முன்பே, 1991-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, அழகுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மணல்மேடுகளின் உருவத்தை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2011-இல் வந்த அறிவிப்பு, மிகவும் காக்க வேண்டிய முதல் வகுப்பில் அவற்றைச் சேர்த்தது. சக்கரத் தடத்தின் பள்ளத்தில் விழுந்த ஆமைக் குஞ்சு மேலேறிக் கடலுக்குப் போகத் தவிக்கும் என்று, ஆமைகள் முட்டையிட வரும் கரைகளில் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

திரும்பும் வழியில் என் மருமகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான். அவன் கேட்டவை நியாயமான கேள்விகள். அவற்றைக் குறைத்து எழுதினால் நான் நேர்மையானவனாக மாட்டேன்.

“மாமா, படகை இழுக்க டிராக்டர் மணல்ல எறங்குது. அது தப்பில்லையா? தனுஷ்கோடிக்கு 2017-ல ரோடு போடுற வரைக்கும் வேனும் ஜீப்பும் மணல்லதானே போச்சு? நீங்களே போயிருக்கீங்க. பணக்காரன் கடலோரத்துல பங்களா கட்டுறான். நான் ஒரு சின்ன வண்டி ஓட்டினாத்தான் மணலு அழிஞ்சிருமா? தோப்பு போச்சு மாமா. நான் என்ன செய்யட்டும்?”

நானும் தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் கோயிலையும் ரயில் நிலையத்தையும் பார்க்க, குலுங்கும் வேனில் மணலிலும் தண்ணீரிலும் போனேன். எனக்கு அங்கே என்ன வேலை? பார்க்க ஆசை, அவ்வளவுதான். பிழைப்புக்குப் போகும் சக்கரத்துக்கு மணலில் உரிமை உண்டு, ஆசைக்குப் போகும் சக்கரத்துக்கு உரிமையில்லை என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. விளையாட்டும் மனிதனுக்குத் தேவைதான். சக்கரத்தின் மேல் உட்கார்ந்து வேகமாகப் போகும் குழந்தையின் முகத்தில் வரும் சந்தோஷம் பொய்யில்லை. மேலும், விளையாட வருகிறவனுக்குத்தான் அது விளையாட்டு. என் மருமகனுக்கு அதுவே பிழைப்பு. பெரிய தவறுகளைச் செய்கிறவர்கள் பங்களாவில் இருக்க, சிறிய தவறுக்குப் போகிறவனைப் பிடித்து உபதேசம் செய்வது சுலபம். உலகத்தில் உபதேசத்தின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது.

ஆனாலும் அவனிடம் ஒன்று சொன்னேன். வெள்ளாற்று மாட்டைப் பற்றிச் சொன்னேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. “அன்றைக்கு வண்டியில் மாடு இருந்தது. நான் அடித்த அடி யார் மேல் விழுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அடித்தேன். உன் வண்டியில் மாடு இல்லை. முறுக்கினால் எஞ்சின் சத்தம் போடும், அவ்வளவுதான். எதுவும் முறிகிற சத்தம் கேட்காது. அதனால் எதுவும் முறியவில்லை என்று நினைத்துவிடுவோம். மாடு இல்லாத வண்டியில் மாடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளை. அந்த ஆச்சியின் உலையில் இருக்கிறது.”

திருவாரூரில் மனுநீதிச் சோழன் மகனின் தேர் கன்றின் மேல் ஏறிய கதையை நாமெல்லாம் படித்திருக்கிறோம். மகன் கொடியவன் என்று கதை சொல்லவில்லை. தேரின் மேல் இருப்பவனுக்குச் சக்கரத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்றுதான் சொல்கிறது. அதே தமிழில் இன்னொரு தேரும் இருக்கிறது. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். மழைக்காலத்தில் மனைவியிடம் விரைந்து வருகிறான் அவன். வழியில் பூஞ்சோலையில் துணையோடு தேன் உண்ணும் வண்டுகள் மிரண்டுவிடுமே என்று, தேரின் மணிகளுடைய நாக்கைக் கட்டிவிட்டு வருகிறான். தேரை அவன் நிறுத்தவில்லை. பயணத்தைத் துறக்கவில்லை. போயே தீர வேண்டியவன், போகிற போக்கில் எதை விட்டுவிடலாம் என்று பார்த்து, அதை விட்டான்.

என் கேள்விக்குப் பதில் இங்கே கிடைத்தது என்று நினைக்கிறேன். தான் போவதற்காகக் காற்றைக் குறைப்பது கெட்டிக்காரத்தனம். பிறர் இருப்பதற்காக மணியின் நாவைக் கட்டுவது நல்ல குணம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் ஒருவன் தன் வலுவை அடக்கிக்கொள்கிறான். வேறுபாடு ஓர் இடத்தில்தான் தெரியும். இதற்கு மேலும் போக முடியும், ஆனால் போக வேண்டாம் என்று நிற்கும் இடம் அது. துடுப்பு டயர் எந்த மேட்டிலும் ஏறும். ஏறக்கூடிய டயர் இருக்கும்போது ஏறாமல் திரும்புகிறவனுக்குத்தான் அந்தக் குணம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஏற முடியாதவன் ஏறாமல் இருப்பதில் என்ன பெருமை?

அவன் என் பேச்சைக் கேட்டு மனம் மாறினான் என்று எழுதினால் கதையாகிவிடும். நடந்தது வேறு. ஒரு வாரம் கழித்துக் கணக்கு நோட்டோடு வந்தான். கடற்கரைக்குப் போக வர டீசல், அங்கே தங்கும் செலவு, அனுமதிக்கு அலையும் அலைச்சல் எல்லாம் போட்டுப் பார்த்ததில் கட்டவில்லை என்றான். அதற்குப் பதிலாகத் தோப்பு விழுந்த இடத்திலேயே, மரங்களை அகற்றிய பகுதியில், மேடும் பள்ளமுமாக ஒரு தடம் வெட்டப் போகிறானாம். சொந்த மண். சுற்றிலும் புதிய தென்னங்கன்றுகள். “அங்கே துடுப்பு டயர் வேலைக்கு ஆகாது மாமா. கெட்டித் தரையிலே தகடு ஒரு மாசத்துல தேஞ்சிரும். முண்டு முண்டா இருக்கற சாதா டயர்தான் சரி. வெலையும் பாதிதான்” என்றான்.

“அப்படியானால் ஆச்சி சொன்னதற்காக இல்லை?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “கணக்குப் போடறப்ப அதையும் போட்டுப் பாத்தேன் மாமா. அதுக்கு எவ்வளவு போடறதுன்னு தெரியல. அதான் கட்டலை” என்றான்.

பணத்தைக் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தோப்பில் நான்கைந்து பிள்ளைகள் வந்து ஓட்டுகிறார்கள். ஓகோ என்று வருமானம் இல்லை, மோசமும் இல்லை. போன மாதம் போயிருந்தபோது என்னையும் அந்த வண்டியில் ஏறச் சொன்னான். தலைக் கவசம் மாட்டிவிட்டு, “மெதுவாப் போங்க, கன்னு மேல ஏத்திராதீங்க” என்றான். தென்னங்கன்றைத்தான் சொன்னான். நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி, குனிந்து நான்கு சக்கரங்களின் அடியிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மண்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தது நல்லதாகப் பட்டது.